பிளஸ் டூ முடிக்கும் பார்வையற்ற பிள்ளைக்கு வீட்டுக் கம்ப்யூட்டர்

சென்ற ஆண்டு பிளஸ் டூ முடித்த என் மகளுக்கு ஒரு கல்லூரியில் இருந்து இமெயில் வந்தது. சான்றிதழ்களுடன் நேரில் வரும்படி நாள் குறித்திருந்தார்கள். விண்ணப்பத்தில் நான் கொடுத்திருந்தது என்னுடைய இமெயில் முகவரி. இரண்டு நாள் கழித்து நான் அதைத் திறந்தபோது, குறித்த நாளுக்கு முந்தைய இரவு மணி பத்து. மறுநாள் காலையில் பாரிவாக்கம் சந்திப்பில் பஸ் பிடித்து ஓடினோம். நல்லவேளையாக இடம் கிடைத்தது. ஆனால் பஸ்ஸில் அவள் கேட்டாள்: "எனக்கு வந்த லெட்டர் எனக்கே ஏன்ப்பா தெரியல?"

அவளுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. பிரெயிலில் படித்தவள். வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தும் அதை இயக்கியது நான்தான். அதை உதவி என்று நினைத்திருந்தேன். அதன் பிறகு நாங்கள் கற்றுக்கொண்டதை இங்கே தருகிறேன். நீங்கள் பிளஸ் ஒன்னிலேயே தொடங்கிவிடுங்கள்.

1. பேசும் சாப்ட்வேர்

திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் புரோகிராமுக்கு ஸ்க்ரீன் ரீடர் என்று பெயர். விண்டோஸிலேயே நேரேட்டர் என்று ஒன்று இருக்கிறது. விண்டோஸ் கீ, கண்ட்ரோல், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பேசத் தொடங்கும். நாங்கள் பயன்படுத்துவது என்விடிஏ. 2006-ல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் இதை எழுதத் தொடங்கினார். அவரும் பார்வையற்றவர். இது முற்றிலும் இலவசம். என்வி ஆக்சஸ் தளத்தில் இருந்து டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்துகொள்ளலாம். கண்ட்ரோல், ஆல்ட், என் கீகளை அழுத்தினால் இயங்கும்.

இதனுடன் வரும் ஈஸ்பீக் குரலில் தமிழும் உண்டு. இன்சர்ட், கண்ட்ரோல், வி கீகளை அழுத்தினால் குரலுக்கான செட்டிங்ஸ் திறக்கும். அதில் தமிழைத் தேர்வு செய்து, வேகத்தைக் குறைத்து வையுங்கள். குரல் இயந்திரத்தனமாகத்தான் இருக்கும். எங்களுக்குக் காது பழக ஒரு வாரம் ஆனது.

2. மவுஸை எடுத்துவிடுங்கள்

பார்வையற்றவருக்கு மவுஸ் பயன்படாது. எல்லா வேலையும் கீபோர்டில்தான். எஃப், ஜே கீகளின் மேல் சிறு மேடு இருக்கும். இரண்டு ஆட்காட்டி விரல்களையும் அங்கே வைத்துப் பழக்குங்கள். இன்சர்ட் கீயுடன் 1 அழுத்தினால், அதன் பிறகு எந்த கீயைத் தொட்டாலும் அதன் பெயரை மட்டும் சொல்லும். வேறு எதுவும் நடக்காது. மீண்டும் அதையே அழுத்தினால் பழைய நிலைக்கு வந்துவிடும். முதல் வாரம் முழுக்க இந்தப் பயிற்சி போதும்.

பிறகு இவற்றைச் சொல்லிக்கொடுங்கள்:

* கண்ட்ரோல் - பேச்சை நிறுத்த
* இன்சர்ட் + கீழ் அம்புக்குறி - இருக்கும் இடத்தில் இருந்து தொடர்ந்து படிக்க
* இன்சர்ட் + டி - எந்த விண்டோவில் இருக்கிறோம் என்று அறிய
* இணையப் பக்கத்தில் ஹெச் - அடுத்த தலைப்புக்குச் செல்ல
* கே - அடுத்த லிங்க்குக்குச் செல்ல
* எஃப் - விண்ணப்பப் படிவத்தின் அடுத்த கட்டத்துக்குச் செல்ல

இன்சர்ட் கீ வசதியாக இல்லாத லேப்டாப்பில், அதற்குப் பதில் கேப்ஸ் லாக் கீயை வைத்துக்கொள்ள என்விடிஏ-யின் வரவேற்பு விண்டோவிலேயே வழி உண்டு.

3. தமிழில் டைப் செய்தல்

விண்டோஸ் லாங்குவேஜ் செட்டிங்ஸில் தமிழைச் சேர்த்து, தமிழ்99 கீபோர்டைத் தேர்வு செய்யுங்கள். விண்டோஸ் கீயுடன் ஸ்பேஸ் பார் அழுத்தினால் மொழி மாறும். கீகளைப் பார்த்து டைப் செய்ய முடியாதவர்கள் விரல் நினைவாகவே கற்க வேண்டியிருப்பதால், ஒரே கீபோர்டைத் தேர்ந்து அதிலேயே நில்லுங்கள்.

இங்கே நாங்கள் தடுமாறிய ஓர் இடத்தைச் சொல்ல வேண்டும். தெரிந்தவர் ஒருவர் கொடுத்த பாடக் குறிப்பைத் திறந்தால், குரல் ஏதோ ஆங்கில எழுத்துகளாக உளறியது. காரணம், அது பாமினி போன்ற பழைய பாண்ட்டில் டைப் செய்யப்பட்டது. கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளே. யூனிகோட் தமிழை மட்டுமே ஸ்க்ரீன் ரீடர் படிக்கும். அதே போல, ஸ்கேன் செய்த பி.டி.எஃப். வெறும் படம்தான். "யூனிகோடில் டைப் செய்த பைல் வேண்டும்" என்று கல்லூரியில் கேட்கப் பிள்ளைக்கே சொல்லிக்கொடுங்கள்.

4. அவர்கள் பெயரில் இமெயில், அவர்கள் கையில் சான்றிதழ்

பிள்ளையின் பெயரில் தனி இமெயில் தொடங்குங்கள். பாஸ்வேர்டை அவரே வைக்கட்டும். உங்களிடம் சொல்ல வேண்டிய அவசியமில்லை. சான்றிதழ்களை ஸ்கேன் செய்து ஒரே போல்டரில் வையுங்கள். ஸ்கேனர் தரும் எண்களையே பைலின் பெயராக விட்டுவிட்டால் எது எது என்று அவருக்குத் தெரியாது. "பிளஸ் டூ மார்க் ஷீட்", "மாற்றுச் சான்றிதழ்" என்று குரலில் கேட்டதும் புரியும்படி பெயர் மாற்றுங்கள்.

அந்த போல்டரில் கட்டாயம் இருக்க வேண்டியது, யு.டி.ஐ.டி. எனப்படும் மாற்றுத்திறனாளிக்கான அடையாள அட்டை. இதற்கு மத்திய அரசின் ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம்.

5. தெரிந்திருக்க வேண்டிய சட்டம்

2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்கு, அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீதத்துக்குக் குறையாத இடஒதுக்கீடு உண்டு. அரசு வேலையில் 4 சதவீதம். மத்திய அரசு 2018-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைப்படி, எழுத்துத் தேர்வில் மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் தர வேண்டும். இந்த விவரங்களை ஒரு பைலாக்கி மகளின் டெஸ்க்டாப்பில் வைத்தேன். இப்போது அவள் பார்க்காமலே சொல்வாள்.

6. பயிற்சியும் புத்தகமும்

எங்களைப் போல இந்தப் பக்கத்தில் வசிப்பவர்களுக்கு ஒரு வசதி. டேராடூனைத் தலைமையிடமாகக் கொண்ட, பார்வைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையம் பூந்தமல்லியில் இருக்கிறது. நேரில் சென்று பயிற்சிகளைப் பற்றி விசாரியுங்கள். பார்வையற்றோர் படிக்கக்கூடிய வடிவில் புத்தகங்கள் தரும் 'சுகம்ய புஸ்தகாலய' என்ற இணைய நூலகம் 2016-ல் தொடங்கப்பட்டது. அதிலும் பதிவு செய்துகொள்ளலாம்.

முயற்சி எங்கே கொண்டுபோகும் என்று சந்தேகப்படுபவர்களுக்கு நம் சென்னையிலேயே பதில் இருக்கிறது. முழுப் பார்வையின்மையுடன் 2015-ல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த பெனோ ஜெபின் சென்னைக்காரர். ஸ்க்ரீன் ரீடர் உதவியுடன் படித்தவர்.

இந்த ஆண்டு உதவித்தொகை விண்ணப்பத்தை என் மகளே பூர்த்தி செய்தாள். ஒன்றரை மணி நேரம் ஆனது. நான் செய்தால் பதினைந்து நிமிடம். கைகள் பரபரத்தாலும் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரே இடத்தில் மட்டும் என்னைக் கூப்பிட்டாள்: படத்தில் உள்ள எழுத்துகளைப் பார்த்து டைப் செய்யச் சொல்லும் கேப்சா. அதைச் சொன்னேன். மீதியை அவளே முடித்து, ஒப்புகைச் சீட்டைத் தன் போல்டரில் சேமித்தாள்.

பெற்றோருக்கு ஒரு பயிற்சி: என்விடிஏ-யை இயக்கிவிட்டு மானிட்டரை அணையுங்கள். விண்டோஸ் கீ அழுத்தி நோட்பேட் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். இரண்டு வரி எழுதி, கண்ட்ரோல் + எஸ் அழுத்திப் பெயர் கொடுத்து சேமியுங்கள். ஆல்ட் + எஃப்4 அழுத்தி மூடுங்கள். பிறகு அந்த பைலைத் தேடித் திறந்து படிக்கச் செய்யுங்கள். உங்களால் முடிந்த பிறகு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள். எந்த இடத்தில் அவசரப்படக் கூடாது என்பது அப்போது உங்களுக்கே தெரியும்.