தறிவீடும் வைத்தியச் செலவும்

வினா: கையில் பணமில்லாதவர் வைத்தியமின்றி இருக்கத் தகுமா?

விடை: தகாது. சர் ஜோசப் போர் தலைமையில் அமைந்த கமிட்டி 1946-ல் இந்திய சர்க்காருக்கு அளித்த அறிக்கையின் அடிப்படைக் கொள்கை இதுவே.

வினா: காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் வைத்தியரிடம் போகத் தாமதிப்பதேன்?

விடை: தறியை விட்டு எழுந்தால் நெசவு நிற்கும், கூலி குறையும். கட்டணமும் மருந்துச் செலவும் அதற்குமேல். ஆகவே, "நாளை பார்ப்போம்" என்று நோயை வளர்க்கிறார்.

வினா: முதலமைச்சர் காப்பீட்டு அட்டை போதாதா?

விடை: அது பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கே உரியது. அன்றாட மாத்திரைச் செலவுக்கு உதவாது.

வினா: செய்யவேண்டியது யாது?

விடை: அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வைத்தியரைப் பார்ப்பதும் மருந்தும் இலவசம். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இரத்த அழுத்தம், நீரிழிவு நோயாளிகளுக்கு மாத்திரையை வீட்டிலேயே தருகிறது. நோய் சிறிதாயிருக்கும்போதே போங்கள். அரைநாள் கூலி போகலாம்; தறியை அடகு வைக்க நேராது.