கணக்கியல் பட்டம் படிக்க என்னென்ன வேண்டும்?



சென்ற பாடசாலை விடுமுறைக்கு என் சொந்த ஊருக்குப் போயிருந்தேன். புத்தளம் மாவட்டத்தில், உடப்புக்குப் பக்கத்துக் கரையோரம். அங்கே கரைவலை இழுத்து முடிந்ததும் மீனை விற்று, வலைக்காரருக்கு எவ்வளவு, இழுத்தவர்களுக்கு எவ்வளவு என்று பங்கு பிரிப்பார்கள். அன்று அந்தக் கணக்கை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தது ஒரு பெண் பிள்ளை. விசாரித்தால் நம்ம மலைநாட்டுப் பிள்ளை! அம்மா நுவரெலியா மாவட்டத்தில் கொழுந்து எடுக்கிறார். பிள்ளை சாதாரண தரம் பாஸ் பண்ணிவிட்டு, உயர்தரத்தில் வர்த்தகம் படிக்க அத்தை வீட்டுக்கு வந்திருக்கிறாள்.

“சேர், நான் கணக்கியல் பட்டம் எடுக்கணும். அதுக்கு என்னென்ன வேணும்?” என்று கேட்டாள்.

அவளுக்குச் சொன்னதையே இங்கே எல்லோருக்குமாக எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்ம பிள்ளைகள் பரீட்சையில் மட்டும் தோற்பதில்லை. பாஸ் பண்ணிய பிறகு கடதாசியிலும் திகதியிலும் தோற்றுப் போகிறார்கள். பரீட்சையைப் பிள்ளை பார்த்துக்கொள்ளும். கடதாசியைப் பெற்றோர்தான் பார்க்க வேண்டும்.

1. சாதாரண தரம்

உயர்தரத்துக்குப் போக க.பொ.த. சாதாரண தரத்தில் 6 பாடங்கள் சித்தியடைய வேண்டும். அதில் 3 பாடங்களாவது திறமைச் சித்தியாக இருக்க வேண்டும். கணக்கியல் பக்கம் போக நினைக்கிற பிள்ளை கணிதத்தையும் ஆங்கிலத்தையும் விடக்கூடாது. கணிதம் என்றால் பெரிய சூத்திரம் என்று பயப்பட வேண்டாம். கூட்டல், கழித்தல், சதவீதம், விகிதம், இவைதான் கணக்கீட்டுக்கு அத்திவாரம். அம்மாவின் சம்பளச் சிட்டையைப் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். எத்தனை பேர், எத்தனை கிலோ, ஈ.பி.எஃப். எவ்வளவு, கடன் எவ்வளவு, கையில் எவ்வளவு என்று சொல்லட்டும். கணக்கீட்டில் முதல் பாடம் அதுதான்.

2. உயர்தரம்

நேர் வழி வர்த்தகப் பிரிவு. பாடங்கள் மூன்று: கணக்கீடு, வணிகக் கல்வி, பொருளியல். ஒன்றை மாற்றி வேறு பாடம் எடுக்கவும் சில வழிகள் உண்டு. ஆனால் மூன்றையும் எடுத்த பிள்ளைக்குக் கதவு அகலமாகத் திறந்திருக்கும்.

விஞ்ஞானப் பிரிவுக்கு ஆய்வுகூடம் வேண்டும், உபகரணம் வேண்டும். வர்த்தகப் பிரிவுக்கு ஒரு நல்ல ஆசிரியரும் புத்தகமும் இருந்தால் போதும். வசதி குறைந்த நம்ம பாடசாலைகளுக்கு இது பொருந்திய பிரிவு.

மூன்று பாடமும் ஒரே தடவையில் சித்தியடைய வேண்டும். கடைசிச் சித்தியான “எஸ்” எடுத்தாலும் விண்ணப்பிக்கத் தகுதி உண்டு. இடம் கிடைப்பது வேறு விடயம். பரீட்சை எழுத 3 தடவைதான். இன்னொன்றைப் பல பிள்ளைகள் அலட்சியம் செய்கிறார்கள். அது பொதுச் சாதாரணப் பரீட்சை. அதில் குறைந்தது 30 புள்ளி எடுக்காவிட்டால், மற்ற மூன்றிலும் “ஏ” எடுத்தாலும் பல்கலைக்கழகம் இல்லை.

3. இசட் புள்ளி என்றால் என்ன?

2001ஆம் ஆண்டிலிருந்து இசட் புள்ளியை வைத்துத்தான் பல்கலைக்கழகத்துக்கு எடுக்கிறார்கள். நம்ம பாஷையில் சொன்னால் இப்படி: மேல் மலையில் கொழுந்து குறைவு, எல்லோரும் சராசரி 15 கிலோ எடுக்கிறார்கள். கீழ் மலையில் கொழுந்து அதிகம், சராசரி 25 கிலோ. மேல் மலையில் 20 கிலோ எடுத்தவர் கெட்டிக்காரியா, கீழ் மலையில் 25 கிலோ எடுத்தவரா? மேல் மலைக்காரிதான். தன்னோடு எடுத்தவர்களின் சராசரியைவிட அவர் எவ்வளவு மேலே நிற்கிறார் என்பதுதான் கணக்கு. அதேபோல ஒவ்வொரு பாடத்திலும் சராசரி எவ்வளவு, புள்ளிகள் எவ்வளவு பரவியிருக்கின்றன என்று பார்த்து இசட் புள்ளி போடுகிறார்கள்.

4. மாவட்டம்: கவனமாக வாசியுங்கள்

இடங்களைப் பிரிப்பது இப்படி. 40 சதவீதம் நாடு முழுவதற்கும் திறமை அடிப்படையில். 55 சதவீதம் மாவட்டங்களுக்கு, சனத்தொகைப்படி. மீதி 5 சதவீதம் கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக. நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி, மொனராகலை அந்தப் பதினாறில் இருக்கின்றன. புத்தளமும் இருக்கிறது.

ஆனால் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் வெட்டுப்புள்ளி வேறு வேறு. அதனால் பிள்ளை எந்த மாவட்டம் என்பது முக்கியம். அதைத் தீர்மானிக்கப் பரீட்சைக்கு முந்திய 3 வருடங்களில் பிள்ளை எங்கே படித்தது என்று பார்ப்பார்கள். உயர்தரப் படிப்போ ஏறக்குறைய 2 வருடம். சாதாரண தரத்துக்குப் பிறகு இடம் மாறிய பிள்ளைக்குப் புதிய மாவட்டத்தில் 3 வருடம் நிரம்பாது. அப்போது நிரந்தர வதிவிடத்துக்கு அத்தாட்சி கேட்பார்கள்.

கரையோரத்தில் நான் சந்தித்த பிள்ளையின் நிலைமை இதுதான். பத்தாம் வகுப்பு வரை எங்கே படித்தாள் என்பதற்கு அவளிடம் ஒரு துண்டுக் கடதாசி இல்லை. அம்மாவோடு போனில் பேசினேன். “பாடசாலை மாத்தினா இப்படி ஒண்ணு இருக்குன்னு யாருமே சொல்லலையே ஐயா” என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. சொல்லியிருக்க வேண்டியவர்கள் என்னைப் போன்ற உத்தியோகத்தர்கள்.

இடம் மாற வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பக்கத்தில் வர்த்தகப் பிரிவு இல்லாவிட்டால் மாறத்தான் வேண்டும். மாறுமுன் அதிபரிடமும், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வருடா வருடம் வெளியிடும் கைநூலிலும் விதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். விதிகள் சில வருடங்களில் மாறும்.

5. பட்டப் படிப்பு

ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் கணக்கியலுக்கென்றே தனித் துறை உண்டு. யாழ்ப்பாணம், கிழக்கு, ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகங்களிலும் வர்த்தகம், முகாமைத்துவம் படிக்கலாம். சிலாபத்திலிருந்து உள்நாட்டுப் பக்கம் போனால் குளியாப்பிட்டி. அங்கே வயம்பப் பல்கலைக்கழகத்தின் வணிகக் கல்வி, நிதிப் பீடம் இருக்கிறது.

சிறப்புப் பட்டம் 4 வருடம், 120 திறமைப் புள்ளிகள். நிதிக் கணக்கீடு, கிரயக் கணக்கீடு, கணக்காய்வு, வரி, வணிகச் சட்டம், புள்ளிவிபரவியல், கணினி எல்லாம் வரும். படிப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தில். முதல் வருடம் நம்ம பிள்ளைகள் திணறுவது கணக்கினால் அல்ல, ஆங்கிலத்தினால்தான். உயர்தரம் எழுதிய பிறகு வரும் மாதங்களைச் சும்மா விடாமல் ஆங்கிலத்துக்குக் கொடுங்கள்.

6. வெட்டுப்புள்ளி கிடைக்காவிட்டால்

அதோடு முடிந்தது என்று தேயிலைக் கூடையை மாட்டிவிடாதீர்கள். வேறு வழிகள்:

உயர் தொழில்நுட்பக் கல்லூரிகளில் உயர் தேசிய கணக்கியல் டிப்ளோமா, 4 வருடம்.

திறந்த பல்கலைக்கழகம். ஹட்டனிலும் புத்தளத்திலும்கூட அதற்குக் கற்கை நிலையம் உண்டு. வேலை செய்துகொண்டே முகாமைத்துவப் பட்டம் படிக்கலாம். கட்டணம் உண்டு.

ஏ.ஏ.டி. படிப்பு. தமிழிலும் எழுதலாம். அதற்குப் பிறகு பட்டயக் கணக்காளர் பரீட்சைப் பக்கமும் போகலாம்.

7. பணம்

அரச பல்கலைக்கழகத்தில் பாடக் கட்டணம் இல்லை. சாப்பாடு, தங்குமிடம், பஸ் காசுதான் செலவு. மஹாபொல புலமைப்பரிசிலை மாதம் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ரூபாயாக உயர்த்துவதாக 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கென்று இந்திய உயர் ஸ்தானிகராலயத்தோடு சேர்ந்து இயங்கும் கல்வி நிதியம் ஒன்றும் உதவி தருகிறது. எல்லாவற்றுக்கும் விண்ணப்பம் போட்டால்தான் உண்டு.

பெற்றோர் இன்றே செய்ய வேண்டியது

ஒரு பிளாஸ்டிக் பைல் வாங்குங்கள். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி, படித்த ஒவ்வொரு பாடசாலையிலும் விடுகைப் பத்திரம், கிராம உத்தியோகத்தர் சான்றிதழ், வாக்காளர் இடாப்பில் உங்கள் பெயர் உள்ள பக்கத்தின் பிரதி, இவற்றை அதில் போட்டு மழை படாத இடத்தில் வையுங்கள்.

விலாசத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் முன்பு வேலை செய்த ஒரு தோட்டத்தில் ஒரு பையனுக்குப் பல்கலைக்கழகக் கடிதம் வந்தது. அது கந்தோர் மேசையில் கிடந்து, பதிவுத் திகதி கடந்த பிறகுதான் லயத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த மேசையைத் தினமும் கடந்து போனவர்களில் நானும் ஒருவன். இப்போது விண்ணப்பம் கணினி மூலம் போடுகிறார்கள். பிள்ளையின் சொந்தத் தொலைபேசி இலக்கத்தையும் மின்னஞ்சலையும் கொடுங்கள். கடை விலாசம், பக்கத்து வீட்டு இலக்கம் வேண்டாம். அந்த இலக்கத்தை மாற்றவும் வேண்டாம்.

கரையோரப் பிள்ளையின் அம்மா, மகள் படித்த பழைய பாடசாலைக்குப் போய் விடுகைப் பத்திரம் வாங்கி அனுப்பிவிட்டார். அரை நாள் பேர் போச்சு என்று சொன்னார். மகளுக்கு அடுத்த வருடம் பரீட்சை. இனி அவள் படிப்பதுதான் பாக்கி.

உங்கள் வீட்டிலும் பத்தாம், பதினோராம் வகுப்பில் பிள்ளை இருந்தால், சம்பள நாளன்று நலன்புரிக் கந்தோருக்கு வாருங்கள். பைலில் என்ன குறைகிறது என்று சேர்ந்து பார்ப்போம்.

இப்படிக்கு,
உங்கள் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர்