எழுநூற்று மூன்று

கடலூர் மாவட்டத்திலுள்ள சிதம்பரம், கூத்தப்பெருமான் கோயிலால் உலகறிந்த ஊர். அவ்வூருக்குக் கணித உலகிலும் ஒரு புகழ் உண்டு. அதனை எளிய எண்ணொன்றின் வழியே அறியலாம். அவ்வெண் 703.

703 அழகிய பண்புகள் சில உடையது. 1 முதல் 37 வரையுள்ள எண்களைக் கூட்டினால் 703 வரும். இதன் வர்க்கம் 4,94,209. அதனை 494, 209 என இரு கூறாக்கிக் கூட்டினால் மீண்டும் 703 கிடைக்கும். இத்தகைய எண்களை ஆராய்ந்தவர் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக விளங்கிய காப்ரேகர். ஆதலின் அவை காப்ரேகர் எண்கள் எனப்படும்.

ஆயினும், சிதம்பரத்தோடு தொடர்புடைய பண்பு வேறொன்று. 1770ஆம் ஆண்டில் வேரிங் என்னும் ஆங்கிலக் கணித அறிஞர் ஒரு கருத்தை வெளியிட்டார். எந்த முழு எண்ணையும் நான்குக்கு மேற்படாத வர்க்கங்களின் கூட்டலாகவும், ஒன்பதுக்கு மேற்படாத கனங்களின் கூட்டலாகவும் எழுதலாம். உயர்ந்த படிகளுக்கும் அவ்வாறே ஓர் எல்லை உண்டு என்பது அக்கருத்து. அங்ஙனமாயின், ஆறாம் படிக்கு எல்லை யாது?

2ஐ ஆறு முறை எழுதிப் பெருக்கினால் 64 வரும். 3ஐ அவ்வாறு பெருக்கினால் 729 வரும். 703 என்பது 729இனும் சிறிது. ஆகவே 1, 64 ஆகிய இரண்டே அதற்குப் பயன்படும். பதினொரு 64 சேர்ந்தால் 704 ஆகி, ஒன்று மிகும். எனவே பத்து 64 கொள்வோம், 640 ஆயிற்று. எஞ்சிய 63ஐ அறுபத்து மூன்று ஒன்றுகளால் நிரப்புதல் வேண்டும். ஆக, 73 ஆறாம் படிகள் தேவை. அவற்றிற் குறைந்தால் 703 கிட்டாது.

இக்கணக்கு எளிது. ஆனால், 73க்கு மேல் வேண்டும் எண் வேறெதுவும் இல்லை என்று எங்ஙனம் துணிவது? கோடி எண்களைச் சோதித்தாலும் எஞ்சியவை எண்ணிறந்தன. அவற்றுள் ஒன்று மாறுபடினும் கூற்று வீழ்ந்துவிடும். அனைத்துக்கும் பொருந்தும் நிறுவல் வேண்டும்.

அந்நிறுவலை 1940ஆம் ஆண்டில் அளித்தவர் சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. இவர் குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் 1901ஆம் ஆண்டு பிறந்தார். குழந்தைப் பருவத்தில் அன்னையையும், பள்ளிப் படிப்பு முடியுமுன் தந்தையையும் இழந்தார். ஆசிரியர் ஒருவர் ஆதரவு தந்தமையால் கல்வியைத் தொடர்ந்தார். 1929 முதல் 1941 வரை சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகப் பணியாற்றினார். அக்காலத்திலேயே இவ்வரிய செயல் நிறைவேறியது.

1950ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள், அமெரிக்காவில் நடைபெறவிருந்த உலகக் கணித மாநாட்டிற்குச் செல்லும் வழியில், கெய்ரோ நகருக்கு அருகே விமான விபத்தில் அவர் உயிர் நீத்தார். நாற்பத்தொன்பதாம் வயதில் அவ்வாழ்வு முடிந்தது. அவர் நிறுவிய உண்மைக்கோ முடிவில்லை. எத்துணைப் பெரிய எண்ணை எவர் கூறினும், எழுபத்து மூன்று ஆறாம் படிகளுக்குள் அஃது அடங்கும்.