நெடுந்தூரச் சைக்கிள் பயணத்திற்குத் தோல் சீட்: தேர்வு செய்வது எப்படி?



துவரம் பருப்பைக் கையில் அள்ளிப் பார்க்காமல் மூட்டைக்கு விலை பேச மாட்டோம். ஆனால் மணிக்கணக்கில் உட்கார வேண்டிய சைக்கிள் சீட்டை மட்டும் பளபளப்பைப் பார்த்து வாங்கிவிடுகிறோம். இந்தத் தவறை நாமும் செய்தவர்தாம்.

1980களில் விருதுநகரைச் சுற்றியுள்ள கிராமக் கடைகளுக்கு ஆர்டர் எடுக்கவும் பாக்கி வசூலிக்கவும் நம் கடைத் தம்பி ஒருவர் சைக்கிளில் போய் வருவார். பழைய தோல் சீட் கட்டையாக இருக்கிறதே என்று இரக்கப்பட்டு, மெத்தென்ற பஞ்சு சீட் ஒன்றை மாட்டிக் கொடுத்தோம். பதினைந்து நாளில் அவர் பாதி வழியிலேயே திரும்ப ஆரம்பித்தார். "அண்ணாச்சி, உட்கார்ந்தா மரத்துப் போகுது" என்றார். சோம்பல் என்று எண்ணிக் கடிந்துகொண்டோம். பிறகு ஒரு நாள் அதே சைக்கிளில் அருப்புக்கோட்டை வரை நாமே போய் வந்தோம். அவர் சொன்னது அப்போதுதான் புரிந்தது. மறுநாளே பழைய சீட்டை மாட்டிக் கொடுத்து, அவரிடம் வருத்தமும் தெரிவித்தோம்.

காரணம் என்ன?

நாம் உட்காரும்போது உடல் எடையைத் தாங்க வேண்டியவை இடுப்பின் அடியில் உள்ள இரண்டு எலும்புகள். மிகவும் மெத்தென்ற சீட்டில் இந்த எலும்புகள் உள்ளே அமிழ்ந்துவிடும். நடுப்பகுதி மேலெழும்பி, தொடை இடுக்கில் உள்ள நரம்பையும் இரத்தக் குழாயையும் அழுத்தும். மரத்துப் போவது இதனால்தான். அரை மணி நேரப் பயணத்தில் இது தெரியாது. மூன்று மணி நேரத்தில் தெரியும்.

தோல் சீட்டின் அமைப்பு வேறு. முன் மூக்குக்கும் பின் சட்டத்துக்கும் இடையே கெட்டித் தோலை இழுத்து ஆணியடித்திருப்பார்கள். கயிற்றுக் கட்டிலைப் போல அது எடைக்கு ஏற்பத் தொய்ந்து கொடுக்கும். நாளடைவில் எலும்பு படும் இடங்களில் குழி விழுந்து, அவரவர் உடலுக்கு ஏற்றபடி அமையும். அடியில் காற்றும் புகும்.

இத்தொழிலில் பேர்பெற்றது இங்கிலாந்தின் புரூக்ஸ் நிறுவனம். 1866இல் பர்மிங்காமில் குதிரைச் சேணத் தோல் பொருள்களில் தொடங்கி, 1882இல் சைக்கிள் சீட்டுக்குக் காப்புரிமை பெற்றது. 2002 முதல் இத்தாலிய நிறுவனம் ஒன்றின் வசம் உள்ளது. அதன் பி-17 என்ற சீட் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக விற்பனையில் இருக்கிறது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

1. அகலம்: கடையில் கிடக்கும் சோப்பு அட்டைப்பெட்டியில் ஒரு துண்டைக் கிழித்து, சமமான ஸ்டூலில் போட்டு, பாதங்களைச் சற்று உயர்த்தி உட்கார்ந்து எழுங்கள். அட்டையில் இரண்டு பள்ளம் விழும். நடுவுக்கு நடு அளந்துகொள்ளுங்கள். தோல் சீட்டின் பின் விளிம்பில் இரும்புச் சட்டமும் ஆணிகளும் உண்டு; எலும்பு அவற்றின் மேல் படாமல் உட்பக்கம் விழ வேண்டும். ஆகவே சீட்டின் அகலம் இந்த அளவைவிட 4 செ.மீ.யாவது கூடுதலாக இருக்கட்டும். பள்ளம் 12 செ.மீ. என்றால் 16, 17 செ.மீ. சீட் பொருந்தும்.

2. உட்காரும் விதம்: நிமிர்ந்து ஓட்டுபவருக்கு அகலமான, ஸ்பிரிங் வைத்த சீட் நல்லது. முன்னால் குனிந்து ஓட்டுபவருக்குக் குறுகலான, ஸ்பிரிங் இல்லாத சீட் போதும்.

3. தோல்: சீட்டைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். தோலானால் நார் நாராகச் சொரசொரப்பாக இருக்கும். ரெக்சினானால் துணி தெரியும். பெருவிரலால் அழுத்தினால் விறைப்பாக இருக்க வேண்டும். மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோலே வடிவம் காக்கும். ஆவாரம் பட்டையில் தோல் பதனிடுவது நம் நாட்டார் நெடுங்காலம் செய்த தொழில்தான்.

4. இழுப்பு நட்டு: மூக்கின் அடியில் தோலை இறுக்கும் நட்டு இருக்கிறதா, சுழல்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத சீட் தொய்ந்தால் மீட்க வழியில்லை.

மாட்டும் முறை

குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் கீழே இருக்கும்போது கால் நேராக நீளும் உயரத்தில் சீட்டை வையுங்கள். மட்டமாக மாட்டுங்கள், முன்னால் வழுக்கினால் மட்டும் மூக்கை ஒரு நூல் உயர்த்தலாம்.

பராமரிப்பு

புதுத் தோல் சீட் முதலில் கட்டையாகத்தான் இருக்கும். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகே பழகும். ஆகவே புதுச் சீட்டுடன் நெடும்பயணம் புறப்பட வேண்டாம். சீட்டுக்கென்று விற்கும் மெழுகை மெல்லியதாகத் தடவினால் போதும். எண்ணெயில் ஊற வைத்தால் தோல் துவண்டுவிடும். மழையில் பிளாஸ்டிக் பையால் மூடுங்கள். நனைந்துவிட்டால் நிழலில் உலர்த்துங்கள். ஈரத்தோடு ஓட்டினால் வடிவம் கெடும். தொய்வு கண்டால் மட்டும் நட்டைக் கால் சுற்று இறுக்குங்கள். அடிக்கடி இறுக்கினால் தோல் கிழியும்.

தோல் சீட்டின் விலை கூடுதல்தான். ஆனால் நன்றாகப் பராமரித்தால் பல ஆண்டுகள் உழைக்கும். இவ்வளவு பார்த்து வாங்கியும் மரத்துப் போவது நிற்கவில்லையென்றால் மருத்துவரிடம் காட்டுவதே முறை.

இறுதியாக ஒரு வேண்டுகோள். உங்களுக்காகச் சைக்கிள் மிதிக்கும் தம்பி "வலிக்கிறது" என்று சொன்னால், கோபிப்பதற்கு முன் அந்தச் சைக்கிளில் ஒரு முறை நீங்கள் ஏறிப் பாருங்கள்.