உறைந்த உணவில் மாற்றப்பட்ட ஸ்டார்ச்

மக்காச்சோள மாவில் காய்ச்சிய கூழை உறையவைத்துப் பின்னர் உருகவிட்டால், அது கடற்பஞ்சைப் போலாகி நீரைக் கக்கிவிடும். உறைந்த குழம்பு, பழக்கூழ் முதலியவற்றைத் தயாரிப்போர் எதிர்கொள்ளும் முதற்சிக்கல் இதுவே.

ஸ்டார்ச்சில் இருவகை மூலக்கூறுகள் உள்ளன. நேர்ச்சங்கிலி அமைப்புடையது அமைலோஸ். கிளைகள் மிகுந்தது அமைலோபெக்டின். கூழ் குளிரும்போது அமைலோஸ் சங்கிலிகள் நெருங்கி அடுக்காகச் சேர்ந்து, இடையிலிருந்த நீரை வெளியே தள்ளுகின்றன. உறைதல் இதனை விரைவுபடுத்துகிறது. மக்காச்சோள ஸ்டார்ச்சில் அமைலோஸ் ஏறத்தாழ 25 சதவீதம்; மரவள்ளியில் 20 சதவீதத்துக்குள். ஆகவே மரவள்ளிக் கூழ் சற்றுத் தாங்கும். எனினும், பலமுறை உறைந்து உருகினால் அதுவும் நீர்விடும்.

இதற்குப் பரிகாரம் சங்கிலிகளை நெருங்கவொட்டாமல் தடுப்பதாகும். புரோப்பிலீன் ஆக்சைடுடன் வினைப்படுத்தினால் சங்கிலிகளில் பக்கத் தொகுதிகள் முளைத்து, ஆப்புகளைப் போல் இடையில் நிற்கின்றன. பாஸ்பேட்டுக் குறுக்குப் பிணைப்போ, கொதியிலும் புளிப்பிலும் ஸ்டார்ச் மணிகள் சிதையாமல் காக்கிறது. இவ்விரண்டும் பெற்ற ஸ்டார்ச்சின் சேர்ப்புப்பொருள் எண் 1442. இந்திய விதிகளின்படி, வேதிமுறையில் மாற்றப்பட்டதை உணவு உறையில் வெறும் 'ஸ்டார்ச்' என்று குறித்தல் போதாது.

உடனடி உணவுகளின் தேவை வேறு. அவற்றுக்கான ஸ்டார்ச்சை முன்னரே வேகவைத்து, சூடான உருளையின் மீது மெல்லிய ஏடாக உலர்த்திப் பொடியாக்குகிறார்கள். குளிர்ந்த நீரிலேயே அது கெட்டிப்படும். தனியே கொட்டினால் கட்டிதட்டும் என்பதால், சர்க்கரைப் பொடியுடன் முதலில் கலந்துகொள்வது வழக்கம்.

சேலம், நாமக்கல் வட்டாரங்களில் மரவள்ளிக் கிழங்கின் விலை அதன் ஸ்டார்ச் அளவுக்கேற்பப் 'பாயிண்ட்' கணக்கில் அமைகிறது. ஆலைகளின் சரக்கை விற்றுத்தர 1981-இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. ஆயினும் சிற்றாலைகளின் சரக்குப் பெரும்பாலும் ஜவ்வரிசியும் சாதாரண ஸ்டார்ச்சுமே. அவற்றின் விலை சரிந்தால் விவசாயியின் கிழங்கு விலையும் சரிகிறது. 1963-இல் திருவனந்தபுரத்தில் நிறுவப்பெற்ற மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் மரவள்ளி ஸ்டார்ச்சை மாற்றும் முறைகளை ஆராய்ந்துள்ளது. ஆயினும் எல்லா முறைகளும் சிற்றாலைக்கு ஏற்றவையல்ல. புரோப்பிலீன் ஆக்சைடு எளிதில் தீப்பற்றுவது, நச்சுடையது. மூடிய கலன்களும் எச்சங்களை அளவிடும் ஆய்வுக்கூடமும் இன்றி அதனைக் கையாளலாகாது. உருளையில் உலர்த்தும் முறைக்கு வேதிப்பொருள் வேண்டியதில்லை. நீராவியும் இயந்திரமுமே தேவை. இயந்திரத்தின் விலை ஒரு சிற்றாலைக்குப் பெரிதாயினும், பல ஆலைகள் கூடிப் பொதுவில் ஒன்று நிறுவலாம். கூட்டுறவுக் கடன் முதலில் செல்லவேண்டிய இடம் இதுவென்றே தோன்றுகிறது.