முதலில் கணக்கு, பிறகு பாத்திரம்

நான் முதன்முதலாகச் செய்த சோப்பு கையைக் கடித்தது. பார்க்க வெள்ளையாக, வழவழப்பாக, அழகாகத்தான் இருந்தது. ஒரு மாதம் காயவைத்துத் தேய்த்துக் குளித்தபோது தோல் சிவந்து எரிந்தது. தப்பு எங்கே என்று தேடினால், ஒரு லிட்டர் தேங்காயெண்ணெய் பாக்கெட்டை ஒரு கிலோ என்று நினைத்துக்கொண்டதில் இருந்தது. பாக்கெட்டிலேயே 910 கிராம் என்று அச்சடித்திருந்தார்கள். இல்லாத அந்த 90 கிராம் எண்ணெய்க்காக நான் போட்ட காஸ்டிக் சோடா வேலையில்லாமல் சோப்புக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டது.

அதிலிருந்து பாத்திரத்தைத் தொடுவதற்கு முன் காகிதத்தை எடுப்பது வழக்கமாகிவிட்டது. மோல், காரம், எஸ்டர், கொழுப்பு என்று கல்லூரி முதலாண்டில் தனித்தனிப் பாடமாக வருவதெல்லாம் இந்த ஒரு கட்டிக்குள் அடக்கம். செய்யப்போவது 500 கிராம் தேங்காயெண்ணெயில், அடுப்பு வைக்காத முறையில்.

முதல் வேலை கணக்கு. எண்ணெய் மூலக்கூறு ஒன்றை மூன்று பல் உள்ள சீப்பாக நினைத்துக்கொள்ளுங்கள். சீப்பின் தண்டு கிளிசரால், பற்கள் கொழுப்பு அமிலங்கள். பல்லும் தண்டும் சேரும் இடம்தான் எஸ்டர் பிணைப்பு. காஸ்டிக் சோடா, அதாவது சோடியம் ஹைட்ராக்சைடு, அந்தப் பிணைப்பை அறுக்கிறது. அறுபட்ட கொழுப்பு அமிலம் சோடியத்தோடு சேர்ந்து சோப்பாகிறது. தண்டு கிளிசராலாக, அதாவது கிளிசரினாக, தனியே நிற்கிறது. இதற்குச் சோப்பாக்குதல் என்று பெயர். எண்ணெயின் இந்த அமைப்பைப் பிரித்துக் காட்டியவர் பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரேல். அவருடைய கொழுப்பு ஆராய்ச்சி 1823இல் நூலாக வந்தது.

ஒரு மூலக்கூறில் அறுக்க வேண்டிய இடம் மூன்று, ஆகவே தேவைப்படும் சோடாவும் மூன்று. வினை தலையை எண்ணும், எடையைப் பார்க்காது. நம்மிடம் இருப்பதோ தராசு. தலைக்கணக்கை எடைக்கணக்காக மாற்றித் தருவதுதான் மோல். தேங்காயெண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் ஏறக்குறையப் பாதி லாரிக் அமிலம். மூன்று பல்லும் லாரிக் என்றே வைத்துக்கொள்வோம்: கார்பன் 39, ஹைட்ரஜன் 74, ஆக்ஸிஜன் 6. கூட்டினால் மூலக்கூறு நிறை 638. சோடியம் ஹைட்ராக்சைடு 40, மூன்றுக்கு 120. அதாவது 638 கிராம் எண்ணெய்க்கு 120 கிராம் சோடா. ஒரு கிராமுக்கு 0.188. வந்த பக்கத்தையும் கூட்டிப் பாருங்கள். சோப்பு 666, கிளிசரின் 92, மொத்தம் 758. போனதும் 758தான்.

நிஜத் தேங்காயெண்ணெய் பல அமிலங்களின் கலவை என்பதால் எண் சற்றுக் குறையும். சோப்பாக்கல் எண் என்று அட்டவணைகளில் ஒன்று இருக்கும். தேங்காயெண்ணெய்க்கு அது 257ஐ ஒட்டி வரும். இங்கேதான் பலர் சறுக்குவார்கள். அந்த எண் பொட்டாசியம் ஹைட்ராக்சைடுக்கானது, ஒரு கிராம் எண்ணெய்க்கு இத்தனை மில்லிகிராம் என்று சொல்வது. அதை அப்படியே காஸ்டிக் சோடாவுக்கு எடுத்தால் 40 சதவீதம் கூடிப்போகும். 40ஆல் பெருக்கி 56.1ஆல் வகுத்தால் கிடைப்பது 183 மில்லிகிராம், அதாவது 0.183. நம்முடைய 500 கிராமுக்கு 91.5 கிராம். முழுவதையும் போடாதீர்கள். பத்து சதவீதம் குறைத்து 82 கிராம் போடுங்கள். கொஞ்சம் எண்ணெய் மாறாமல் மிஞ்சட்டும். தோலுக்கு நல்லது, தராசின் சிறு பிழையையும் அது தாங்கிக்கொள்ளும். தண்ணீர் 200 கிராம். எல்லாமே எடை. டம்ளரும் கரண்டியும் இந்த வேலைக்கு ஆகாது.

வாங்கும்போது பெயரைச் சரிபாருங்கள். ஆப்ப சோடா வேறு, சலவை சோடா வேறு, காஸ்டிக் சோடா வேறு. அடைப்பெடுக்கும் பொடியும் வேண்டாம், அதில் அலுமினியத் துணுக்குகள் கலந்திருக்கலாம். காஸ்டிக் சோடா காற்றிலுள்ள ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுத்துக்கொள்ளும். திறந்து கிடந்த டப்பாவில் உள்ளது முழு வீரியத்தோடு இருக்காது.

அடுத்தது கரைசல். பயப்பட வேண்டிய ஒரே கட்டம் இதுதான். கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு ஜன்னலோரம் நில்லுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம். எவர்சில்வர் பாத்திரம் நல்லது. அலுமினியம் கூடவே கூடாது: காரம் அதை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும், அது தீப்பற்றக்கூடியது. குளிர்ந்த தண்ணீரில் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கலக்குங்கள். மாற்றிச் செய்யாதீர்கள். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால், விழுகிற கொஞ்சத் தண்ணீர் அங்கேயே கொதித்து முகத்தில் தெறிக்கும். ஒரு மோல் கரையும்போது ஏறத்தாழ 44 கிலோஜூல் வெப்பம் வெளிவருகிறது, நம்மிடம் இருப்பது இரண்டு மோல். தீயே இல்லாமல் கரைசல் 80 டிகிரிக்கு மேலும் போகும். தோலில் பட்டால் ஓடும் தண்ணீரில் நிறைய நேரம் கழுவுங்கள். வினிகரைத் தேடி ஓடாதீர்கள். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போக ஏற்பாடு செய்யுங்கள்.

கரைசல் 40 டிகிரிக்கு ஆறட்டும். எண்ணெயும் அதே சூட்டில் இருக்கட்டும். மார்கழியில் எண்ணெய் உறைந்திருந்தால் இளக்கிக்கொள்ளுங்கள். தேங்காயெண்ணெய் 24 டிகிரியை ஒட்டி உறைவதும், நல்லெண்ணெய் அதே குளிரில் ஓடிக்கொண்டிருப்பதும் கரிம வேதியியல்தான். லாரிக் அமிலத்தின் கார்பன் சங்கிலி நேரானது. சங்கிலிகள் விறகுக்கட்டு போல நெருங்கி அடுக்கும். நல்லெண்ணெயில் மிகுதியாக உள்ள அமிலங்களில் இரட்டைப் பிணைப்பு உண்டு, அந்த இடத்தில் சங்கிலி வளையும். வளைந்த விறகைக் கட்டுவது கஷ்டம்.

எண்ணெயில் கரைசலை ஊற்றி மத்தாலோ கைமிக்சியாலோ கலக்குங்கள். தோசை மாவுப் பதம் வந்து, மேலே சொட்டினால் தடம் நின்றதும் அச்சில் ஊற்றிவிடலாம். தேங்காயெண்ணெய் சோப்பு சீக்கிரம் கல்லாகும். மறுநாள் பார்க்கலாம் என்று விட்டால் கத்தி வைக்கும்போது உடையும். அன்றைக்கே, விரல் பதியும் நிலையில், கையுறையோடு வெட்டுங்கள்.

பிறகு நான்கு வாரம் நிழலில் காய வேண்டும். அதற்குள் நம் குடலில் இதே வேலை எத்தனையோ முறை நடந்து முடிந்திருக்கும். சாப்பிட்ட எண்ணெயின் அதே எஸ்டர் பிணைப்பைக் கணையத்திலிருந்து வரும் லிப்பேஸ் நொதி 37 டிகிரியில் அறுக்கிறது. மூன்றையும் அறுப்பதில்லை, ஓரத்துப் பற்கள் இரண்டை மட்டும் எடுத்துவிட்டு நடுப்பல்லைத் தண்டோடு விட்டுவைக்கிறது. எண்ணெய்த் துளிகளைச் சிறிதாக உடைத்துக் கொடுப்பது பித்த உப்பு. அது செய்வது சோப்பின் வேலைதான். சோப்பு மூலக்கூறின் ஒரு முனை தண்ணீரை விரும்பும், மறுமுனை வெறுக்கும். வெறுக்கும் முனைகள் எண்ணெயைச் சூழ்ந்துகொள்ள, விரும்பும் முனைகள் வெளியே நிற்க, மிசெல் என்ற உருண்டை உருவாகித் தண்ணீரோடு போகிறது. கொரோனா கிருமியின் கொழுப்பு உறையைச் சோப்பு கலைத்ததும் இந்த வழியில்தான்.

கடைசியில் சோதனை. வெள்ளைச் சட்டையின் மஞ்சள் கறையில் சோப்புப் போட்டால் சிவப்பாவதைப் பார்த்திருப்பீர்கள். மஞ்சள் காரத்தில் சிவக்கும். குங்குமம் செய்ய மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ப்பதும் இதனால்தான். ஆனால் மஞ்சளை நம்பி உங்கள் சோப்பைச் சோதிக்க முடியாது. பலவீனமான அமிலமும் பலமான காரமும் சேர்ந்த உப்பு சோப்பு, ஆகவே நல்ல சோப்பும் காரத்தன்மை உடையதுதான், அதிலும் மஞ்சள் சிவக்கும். பிஹெச் தாளை வாங்கி நுரையில் நனையுங்கள். 9க்கும் 10க்கும் நடுவே இருந்தால் குளிக்கலாம். 11ஐத் தாண்டினால் இன்னும் சில வாரம் விடுங்கள். அப்போதும் இறங்காவிட்டால் கணக்கில் பிழை, தூக்கிப்போடுங்கள். உப்புத்தண்ணீர் வரும் வீடுகளில் கால்சியமும் மக்னீசியமும் சோப்பைத் திரியவைக்கும். அதைச் சோப்பின் குறையாக எண்ண வேண்டாம்.

அடுத்த முறை நல்லெண்ணெய் கலக்க ஆசை வரும். அதன் மூலக்கூறு பெரியது, 880ஐ ஒட்டி நிற்கும். எனவே ஒரு கிராமில் தலைகள் குறைவு, 0.136 போதும். தேங்காயெண்ணெய் 300 கிராமுக்கு 54.9, நல்லெண்ணெய் 200 கிராமுக்கு 27.2, மொத்தம் 82.1. பத்து சதவீதம் கழித்தால் 74 கிராம். எண்ணெயின் மொத்த எடை அதே 500தானே என்று பழைய ஞாபகத்தில் 82 போட்டுவிடாதீர்கள்.