உரிமம் முதலில், பணம் பிறகு

கேள்வி: கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பகுதியில் ஜவுளிக்கடை நடத்துகிறேன். இணையத் தரகு நிறுவனம் ஒன்றில் 10,000 ரிங்கிட் போடலாம் என்றிருக்கிறேன். சோதனைக் கணக்கில் நல்ல லாபம் வந்தது. நம்பலாமா?

பதில்: சோதனைக் கணக்கில் தெரிவது செயலி இயங்கும் விதம்தான்; நிறுவனத்தின் நாணயம் அதில் தெரியாது.

முதலில், மலேசியப் பங்குப் பத்திர ஆணையத்தின் இணையத்தளத்தில் உரிமம் பெற்றோர் பட்டியலையும் எச்சரிக்கைப் பட்டியலையும் பாருங்கள். மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் எச்சரிக்கைப் பட்டியலையும் விடாதீர்கள். உரிமமின்றித் தரகுத் தொழில் செய்வது 2007-ஆம் ஆண்டு மூலதனச் சந்தை, சேவைகள் சட்டப்படி குற்றம். வெளிநாட்டு உரிமத்தைக் காட்டினாலும் அது இங்கே செல்லாது. பெயர் மட்டும் ஒத்திருந்தால் போதாது. போலிகள் உண்மையான நிறுவனங்களின் பெயரிலேயே வருகிறார்கள். உரிமம் பெற்றோர் பட்டியலில் உள்ள தொலைபேசி எண்ணை நீங்களே அழைத்து உறுதி செய்யுங்கள்.

மலேசியப் பங்குகள் என்றால், அவை உங்கள் பெயரிலுள்ள சிடிஎஸ் (மத்திய வைப்பு முறை) கணக்கில் இருக்குமா, உங்களுக்காக வேறொரு நிறுவனத்தின் பெயரில் வைக்கும் நாமினி கணக்கிலா என்று கேளுங்கள். தனிநபர் வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

சிறு தொகை போட்டுத் திரும்ப எடுத்துப் பாருங்கள். ஆனால் அது கிடைத்ததாலேயே நம்பிவிடாதீர்கள். ஏமாற்றுக்காரர்களும் முதலில் கொடுப்பார்கள். மாதம் 20 விழுக்காடு தருவதாகச் சொன்ன பினாங்கின் ஜேஜேபிடிஆர் என்ற முதலீட்டுத் திட்டம் 2017-இல் முடங்கும்வரை பலருக்கும் பணம் வந்துகொண்டுதான் இருந்தது.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுத் தாமதிக்காதீர்கள்; உடனே உங்கள் வங்கியையோ தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணையோ அழையுங்கள்.